தம்பி, வண்டியை இந்த வாரம் அனுப்பவில்லை

அன்புள்ள தம்பிக்கு, அப்பா எழுதுவது.

நேற்று ராத்திரி போனில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. அம்மா பக்கத்தில் இருந்தாள். அவள் காதில் விழாமல் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது, அதனால்தான் எழுதுகிறேன். உன் பைக்கை ரயில் பார்சலில் சென்னைக்குப் போடச் சொன்னாய், அடிபட்ட கழுத்து தொண்ணூறு சதவீதம் சரியாகிவிட்டது, அடுத்த மாதம் சிநேகிதர்களோடு கொல்லிமலை போகிறோம் என்றாய். பெட்ரோலை வடித்து, சாக்கு சுற்றிக் கட்டி, திண்டுக்கல் ஸ்டேஷனில் கொடுக்க எனக்கு அரை நாள் வேலைதான். ஆனாலும் இந்த வாரம் அனுப்பவில்லை. கோபப்படாமல் முழுசாகப் படி.

1998இல் எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்ட கதை உனக்குத் தெரியும். நெல் மூட்டையைத் தலைக்கு ஏற்றும்போது வெட்டி இழுத்து, வலது கை கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப் போயின. டாக்டர் கழுத்துக்குக் காலர் போட்டுவிட்டு ஆறு வாரம் வண்டியைத் தொடாதே என்றார். பதினெட்டாம் நாள் சித்தி வீட்டுக் காதுகுத்து. வலி ரொம்பக் குறைந்திருந்தது, பஸ்ஸில் மூன்று பேரும் இடித்துப் பிடித்துப் போக வேண்டாம் என்று காலரைக் கழற்றி வைத்துவிட்டு நம் ஹீரோ ஹோண்டாவை எடுத்தேன். பின்னால் அம்மா, முன்னால் டேங்க் மேல் நீ, உனக்கு நாலு வயசு. செம்பட்டிக்குச் சற்று முன்னால் வலது பக்கம் மண் பாதையில் திரும்ப வேண்டும். கையைக் காட்டினேன், திரும்பிப் பார்க்கப் போனேன், கழுத்து தோள் வரைக்கும் வரவில்லை, பாதியிலேயே நின்றுவிட்டது. அந்தக் காலத்தில் வலது பக்கக் கண்ணாடியும் உடைந்து கிடந்தது. சத்தம் எதுவும் இல்லையே என்று திருப்பிவிட்டேன். ஒரு பஸ் முந்திக்கொண்டு வந்துகொண்டிருந்தது.

அந்த டிரைவர் பஸ்ஸை ரோட்டை விட்டு மண்ணில் இறக்கினார். எங்களுக்கும் அதற்கும் நடுவில் ஒரு முழம் இருந்திருக்கும். உன் தலைமுடி காற்றில் தூக்கியதை இன்றைக்கும் என்னால் பார்க்க முடிகிறது. உங்கம்மா இறங்கி அந்த டிரைவரைத் திட்டிய திட்டு கொஞ்சமில்லை. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவரைத்தான் திட்டுகிறாள். தப்பு அவர் மேல் இல்லை, என் கழுத்து திரும்பவில்லை என்று நான் இதுவரை அவளிடம் சொன்னதில்லை. உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன். இந்த வாரத்துக்குள் அவளிடமும் சொல்லிவிடுவேன்.

அன்றைக்கு எனக்கு வலி இல்லை தம்பி, அதுதான் நீ கவனிக்க வேண்டியது. வலி போய்விட்டது என்று நீ சொல்வதை நம்புகிறேன். ஆனால் தாடை தோளுக்கு நேராக வருகிறதா? நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, உடம்பைத் திருப்பாமல் கழுத்தை மட்டும் திருப்பி இரண்டு பக்கமும் பார். போன தடவை இங்கே வந்திருந்தபோது அம்மா கூப்பிட்டதற்கு நீ இடுப்போடு சேர்ந்து திரும்பினாய், நான் கவனித்தேன். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் வளைவு எங்கே முடிகிறதோ அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பினால்தான் வண்டி அங்கே போகும். ஏறும்போது எழுபது, இறங்கும்போது எழுபது. அதற்கு முன்னால் சென்னையிலிருந்து அத்தனை தூரம் ஹைவேயில் எதிர்காற்று ஹெல்மெட்டைப் பின்னால் தள்ளிக்கொண்டே இருக்கும், அதைத் தாங்கிப் பிடிப்பதும் இதே கழுத்துதான்.

உன் ஹெல்மெட்டை அண்ணாச்சி கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன், ஒன்றரை கிலோவுக்கு மேல் இருக்கிறது. மனுஷன் தலையே ஏறக்குறைய ஐந்து கிலோ. ஸ்கேனில் கழுத்தின் ஐந்தாவது ஆறாவது எலும்புக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கிற டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்று எழுதியிருக்கிறதே, அந்த இடம்தான் இந்த இரண்டு பாரத்தையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். அப்புறம், அந்த ஹெல்மெட்டின் வாரை நான் வெட்டிப் போட்டுவிட்டேன். வேறு யாரும் எடுத்துப் போட்டுக்கொள்ளக் கூடாது என்றுதான். நீ விழுந்தபோது அடிபட்டதில் வெளியே கீறல் மட்டும்தான் தெரிகிறது, ஆனால் உள்ளே இருக்கிற தெர்மோகோல் ஒரு அடிக்குத்தான், அமுங்கிவிட்டால் மறுபடி எழும்பாது. உன் தலைக்கு விழ வேண்டிய அடியை அது வாங்கிக்கொண்டது. புதுசு வாங்கப் பணம் போட்டுவிடுகிறேன். ஐஎஸ்ஐ முத்திரை உள்ளதிலேயே லேசானதாகப் பார், கடையில் கால் மணி நேரம் தலையில் போட்டுக்கொண்டு நின்று பார்த்து வாங்கு.

இடது கை விரல் எப்படி இருக்கிறது, அதைச் சொல்லவே இல்லையே. மரப்பு இருக்கிறதா? கிளட்ச் அந்தக் கையில்தான். சென்னை டிராஃபிக்கில் ஆபீஸ் போய் வருவதற்குள் எத்தனை நூறு தடவை பிடிக்க வேண்டியிருக்கும். பிடி தளர்ந்து சிக்னலில் கிளட்ச் நழுவினால் வண்டி முன்னால் பாய்ந்துவிடும். நரம்பு வலிக்கு ராத்திரி போடுகிற பிரிகாபலின் மாத்திரை இன்னும் ஓடுகிறதா என்றும் சொல். அது தூக்கக் கலக்கம் கொடுக்கிற மாத்திரை, மறுநாள் காலையில்கூட சிலருக்குத் தலை கிறுகிறுக்கும். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு நொடியில் 16 மீட்டர் தாண்டிவிடும்.

காலரைப் போட்டுக்கொண்டே ஓட்டுகிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதே. காலர் கழுத்தைத் திரும்ப விடாமல் வைப்பதற்குத்தான் இருக்கிறது, அதோடு ரோட்டில் போவது கண்ணைக் கட்டிக்கொண்டு போகிற மாதிரி. பின்னால் உட்கார்ந்து போகலாம் என்றும் நினைக்காதே. ஓட்டுகிறவனுக்குப் பள்ளமும் பிரேக்கும் முன்னாலேயே தெரியும், பின்னால் இருப்பவன் கழுத்துக்குத்தான் எல்லாம் திடீரென்று வரும். இன்னொன்று, சலூனில் முடி வெட்டி முடித்ததும் தலையைப் பிடித்து நெட்டி எடுப்பார்களே, ஒருக்காலும் விடாதே. டிஸ்க் மட்டுமில்லை, கழுத்து வழியாக மூளைக்குப் போகிற ரத்தக்குழாயே அதில் கிழிந்துபோன ஆட்கள் உண்டு. நடக்கும்போது கால் தடுமாறினாலோ, சட்டைப் பொத்தான் போட விரல் வராமல் போனாலோ, சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ, எந்த நேரமானாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடு.

சரி, வண்டி விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஸ்டார்ட் பண்ணிப் பத்து நிமிஷம் ஓடவிடுகிறேன். பஞ்சர் கடையில் கண்டபடி காற்றை அடித்து வைத்திருந்தார்கள், கம்பெனி சொன்ன அளவுக்குக் குறைத்துவிட்டேன். டயர் கல்லு மாதிரி இருந்தால் ஒவ்வொரு குழியும் நேராக முதுகிலும் கழுத்திலும்தான் ஏறும். பின் ஷாக் அப்சர்பரை ஒற்றை ஆளுக்குத் தகுந்த மாதிரி மெதுவாக வைத்திருக்கிறேன். ஹேண்டில்பாரை ஒரு இஞ்ச் உயர்த்த மெக்கானிக்கிடம் சொல்லியிருக்கிறேன், குனிந்து ஓட்டினால் முகத்தை அண்ணாந்து தூக்க வேண்டிவரும், நரம்பு நசுங்குகிற இடமே அதுதான். லேப்டாப் பையைத் தோளில் மாட்டாமல் பக்கவாட்டில் வைக்க ஒரு பையும் வாங்கிவிட்டேன்.

பிசியோதெரபிஸ்டிடம் வண்டி ஓட்டுவதைப் பற்றியே வாய்விட்டுக் கேள், பொதுவாக நல்லா இருக்கேனா என்று கேட்டால் போதாது. அவர் சரி என்று சொன்ன பிறகு ஒரு சனிக்கிழமை ஊருக்கு வா. முதலில் வாசலில் ஸ்டாண்டு போட்ட வண்டியில் புது ஹெல்மெட்டோடு இருபது நிமிஷம் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் திரும்பி, கிளட்சையும் பிரேக்கையும் அழுத்திப் பார்க்கலாம். மறுநாள் விடிகாலையில் காலி மைதானத்தில் இருபது கிலோமீட்டர் வேகத்தில் போய் சட்டென்று பிரேக் போட்டுப் பார். அன்றைக்கு ராத்திரியும் மறுநாளும் கை குடையவில்லை என்றால் அப்புறம் ரோட்டுக்கு வரலாம், நான் பின்னாலேயே என் வண்டியில் வருகிறேன். கொல்லிமலைக்கு இந்தத் தடவை நீ பஸ்ஸிலோ காரிலோ போ. சிநேகிதர்கள் என்ன நினைப்பார்கள் என்று யோசிக்காதே, நான் அன்றைக்கு சித்தி வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று யோசித்துத்தான் காலரைக் கழற்றினேன்.

வியாழக்கிழமை பிசியோவுக்குப் போய்விட்டு வந்து போன் பண்ணு. பேசும்போது போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசாதே, ஸ்பீக்கரில் போடு.

அப்பா