சுகர் எவ்வளவு என்று மட்டும் கேட்காதே

குடியாத்தம்

அன்பு மகள் கவிதாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். "சொன்னதையே மறந்துடுறீங்கப்பா, ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று போனில் அழுதாயே, வேலூர் போய் வந்துவிட்டேன். டாக்டர் முதலில் பார்த்தது என் காதை.

முப்பத்தைந்து வருடம் விசைத்தறிப் பட்டறையில் நின்ற காது கண்ணு இது. தறி ஓடும்போது பக்கத்து ஆளிடம் கை ஜாடையில்தான் பேசுவோம். இப்போது இரண்டு காதும் பாதிக்குமேல் போய்விட்டதாம். வார்த்தையைப் பிடிப்பதிலேயே மூளை களைத்துப்போனால் அப்புறம் எதை ஞாபகம் வைப்பது என்றார். டிமென்ஷியா என்கிற மறதி நோய்க்கு நம்மால் மாற்றக்கூடிய காரணங்கள் 14 என்று லான்செட் மருத்துவ இதழின் குழு 2024இல் சொல்லியிருக்கிறது. காது கேளாமை, மனச்சோர்வு, தனிமை மூன்றுமே அதில் உண்டு. நம் வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களிலேயே 65 வயது தாண்டிய ஆயிரம் பேரை வீடு வீடாகப் போய் விசாரித்திருக்கிறார்கள். 10/66 என்று அந்த ஆய்வுக்குப் பெயர். அப்போது இந்த நோய் உள்ளவர்களில் 66 சதவீதம் பேர் நம்மைப் போல வசதி குறைந்த நாடுகளில் இருந்தார்கள், ஆராய்ச்சியில் 10 சதவீதம்கூட நம் பக்கம் வரவில்லை என்பதால் வைத்த பெயர். கேட்டதும் மனசு கனத்தது.

அப்புறம் மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க, ஆமாம், இல்லை என்று சொல்லும்படி 15 கேள்வி. "வெளியே போவதைவிட வீட்டிலேயே இருப்பது பிடிக்கிறதா?" என்றார். ஆமாம் என்றேன். அதற்கான காரணத்தை உன்னிடம்கூடச் சொன்னதில்லை.

பங்குனியில் ஒருநாள் டீக்கடையில் என் பழைய கூட்டாளி தோளைப் பிடித்து ஏதோ சொன்னார். காதில் சரியாக விழவில்லை. "நல்லது, ரொம்ப சந்தோஷம்" என்று சிரித்தேன். அவர் பாதி டீயைப் பலகையில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அவர் தம்பி தவறிய சேதியைத்தான் சொல்லியிருக்கிறார். அன்றோடு டீக்கடையை விட்டேன். உன் அம்மா இல்லாத வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டேன்.

நேற்று காது மெஷினை மாட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். தம்பியின் கடைசி நாட்களை முதலிலிருந்து சொன்னார். எல்லாம் கேட்டது.

இனி போன் செய்தால் சுகர் எவ்வளவு என்பதோடு, இன்றைக்கு யாரிடம் பேசினீர்கள் என்றும் கேள். கத்த வேண்டாம், மெஷினில் காது வலிக்கிறது. நிதானமாகப் பேசினால் போதும். உன் மாமியாரும் டிவி சத்தத்தை ஏற்றிக்கொண்டே போகிறார் என்றாய். அவரைத் திட்டாதே. இந்த வாரமே காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ.

உன் அப்பா