பேட்டரியை மாற்றும் முன் பெட்ரோல் ஹோஸைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய கார் பராமரிப்பு பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த குறிப்புகளைப் படித்தேன். நல்ல விஷயம்தான். ஆனால் நாலைந்து நாள் நின்ற வண்டி கிளம்ப மறுத்தால் பேட்டரியை மாற்றவும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே, அதே யோசனையைக் கேட்டுத்தான் போன வருஷம் நான் பணத்தைத் தொலைத்தேன்.

என்னுடையது 1998 மாருதி 800, பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு விடும் கார்புரேட்டர் வைத்த பழைய ரக வண்டி. பொள்ளாச்சி பக்கம் தோட்டத்துச் சாளையில் நிற்கும். வியாழக்கிழமை சந்தைக்கு எடுத்தால் அடுத்த வியாழன்தான் மறுபடி எடுப்பேன். தினமும் எடுத்தபோது சாவியைத் திருப்பியதும் கிளம்பிய வண்டி, ஒரு வாரம் நின்றால் மட்டும் சோக்கை (குளிர்ந்த இன்ஜினுக்குப் பெட்ரோலைக் கூட்டி விடுகிற குமிழை) இழுத்துப் பிடித்து விட்டு விட்டு ஒரு நிமிஷம் ஸ்டார்ட்டர் அடித்தால்தான் உயிர் வரும். ஒர்க்‌ஷாப்பில் பேட்டரி மாற்றினார்கள், அப்புறம் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றி சர்வீஸ் செய்தார்கள், ஸ்பார்க் பிளக்கும் புதுசு. அடுத்த வியாழக்கிழமை, பழைய குருடி கதவைத் திறடி.

முதலில் சத்தத்தைக் கேட்க வேண்டுமுங்க. பேட்டரி இறங்கியிருந்தால் இன்ஜின் முக்கி முனகிச் சுற்றும், இல்லையென்றால் டிக் டிக் என்று மட்டும் கேட்கும், டேஷ்போர்டு விளக்கு மங்கும். மீட்டர் வைத்துப் பார்த்தால் 12.6 வோல்ட் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதிதான். என் வண்டி நல்ல வேகமாகச் சுற்றியது, பற்றத்தான் மறுத்தது. சரி என்று நானே ஏர் பில்டர் மூடியைக் கழற்றி, கார்புரேட்டர் வாய்க்குள் பார்த்தபடி ஆக்சிலேட்டர் கேபிள் மாட்டியிருக்கும் லிவரைக் கையால் தள்ளினேன். தள்ளியதும் உள்ளே ஊசி மாதிரி பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். ஒரு சொட்டு இல்லை. பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் பெட்ரோல் பில்டரும் காலி.

கிணறு வைத்திருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பைப்பின் அடியில் தண்ணீரைத் திரும்ப இறங்காமல் பிடிக்கிற புட்வால்வு கசிந்தால் பைப்பில் நின்ற தண்ணீர் கிணற்றுக்கே இறங்கிவிடும், மோட்டார் சும்மா சுற்றும், தண்ணீர் ஊற்றினால்தான் எடுக்கும் இல்லையா? காரிலும் அதே கதை. டேங்க் பின்னால் கீழே, பெட்ரோல் பம்ப் முன்னால் மேலே. பம்புக்கு வருகிற ரப்பர் ஹோஸ் கிளிப் பிடித்த இடத்தில் வெடித்திருந்தது. அது உறிஞ்சுகிற பக்கம் என்பதால் பெட்ரோல் வெளியே சொட்டவில்லை, காற்றுதான் உள்ளே போயிருக்கிறது, வண்டி நின்றதும் பைப்பில் இருந்த பெட்ரோல் டேங்குக்கே இறங்கியிருக்கிறது, ஈரமும் இல்லை வாசமும் இல்லை, அதனால்தான் யார் கண்ணிலும் படவில்லை. மறுநாளே எடுத்தால் கார்புரேட்டர் கிண்ணத்தில் இருப்பதை வைத்துக் கிளம்பிவிடும். ஒரு வாரம் சித்திரை வெயிலில் நின்றால் அந்தக் கிண்ணமும் ஆவியாகிக் காலி. ஒரு முழம் ஹோஸ், இரண்டு கிளிப், இருநூறு ரூபாய்கூட ஆகவில்லை. ஹோஸ் நன்றாக இருந்தால் பம்புக்குள் இருக்கும் வால்வையும் பெட்ரோலை உறிஞ்சித் தள்ளுகிற ரப்பர் தகடான டயாபிரத்தையும் மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்ஜெக்‌ஷன் வண்டி (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீய்ச்சுகிற வண்டி) என்றால் சாவியை ஆன் செய்து, ஸ்டார்ட் பண்ணாமல் இரண்டு மூன்று விநாடி விட்டு அணையுங்கள், பின் சீட்டுப் பக்கம் பம்ப் ஓடுவது மெல்லக் கேட்கும். மூன்று தடவை இப்படிச் செய்த பிறகு ஒரே அடியில் கிளம்பினால், நிற்கும்போது பெட்ரோல் பிரஷர் இறங்குகிறது என்று அர்த்தம். டேங்கில் இருக்கும் பம்பின் வால்வாக இருக்கலாம், அல்லது ஏதோ ஒரு இன்ஜெக்டர் ஒழுகலாம்.

இன்னொன்று, மூடியில் பெட்ரோல் பிடித்து கார்புரேட்டர் வாயில் ஊற்றி ஸ்டார்ட் செய்கிற பழக்கம் நம் பக்கம் நிறைய பேருக்கு உண்டு. வேண்டாமுங்க. எனக்கு ஒரு தடவை குப்பென்று நெருப்பு மேலே வந்து புருவம் கருகியது, அதோடு விட்டுவிட்டேன். அடுத்த முறை குறிப்புப் போடும்போது இதையும் இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய மாருதிக்காரன், பொள்ளாச்சி வட்டம்