'சிரித்துக்கொண்டே இரு' பலகை போதாது, ஏழு நிமிடம் கொடுங்கள்: தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் நடுநிலை, உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கு வணக்கம்.

மாடிப்படிச் சுவரில் 'சிரித்துக்கொண்டே இரு' என்று எழுதி, பக்கத்தில் ஒரு மஞ்சள் முகத்தை வரைந்துவைப்பது எளிது. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் கைதட்டிச் சிரிக்க வைப்பதும் எளிது. 1995-ல் மும்பைப் பூங்கா ஒன்றில் மருத்துவர் மதன் கட்டாரியா தொடங்கிய சிரிப்பு யோகாவின் வழி அது. பூங்காவுக்கு விரும்பி வருகிறவர்களுக்குச் சரி. வெயிலில் வரிசையில் நிற்கும் பிள்ளைக்கு அது இன்னொரு டிரில்தான். முகத்தைச் சிரிக்க வைத்தால் மனமும் மலருமா என்று 19 நாடுகளில் 3,878 பேரிடம் சோதித்த ஆய்வு 2022-ல் வெளிவந்தது. மலரும், ஆனால் கொஞ்சம்தான் என்பது அதன் முடிவு.

நாங்கள் கேட்பது வேறு. ஆறு முதல் எட்டு வரை ஏதாவது ஒரு வகுப்பில், ஒரே ஒரு பிரிவில், ஒரு மாதம் மட்டும், ஏழு நிமிடம். கடந்த ஒரு நாளில் நடந்த மூன்று நல்ல விஷயங்களைப் பிள்ளைகள் எழுதட்டும். ஒவ்வொன்றுக்கும் கீழே 'அது ஏன் நடந்தது' என்று ஒரு வரி. 2005-ல் அமெரிக்க உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் குழு பெரியவர்களிடம் சோதித்த பயிற்சி இது. எழுதச் சொன்னது ஒரே வாரம்தான், பலன் ஆறு மாதம் வரை தெரிந்தது. 2008-ல் அமெரிக்காவில் 6, 7-ஆம் வகுப்புப் பிள்ளைகள் 221 பேரை வைத்து நடந்த ஆய்வில், இதற்கு நெருங்கிய ஒரு பயிற்சியை இரண்டு வாரம் செய்தவர்களுக்குப் பள்ளி மீதே நிறைவு கூடியிருந்தது. உங்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

'ஏன்' என்ற வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் மூன்றாம் நாளே எல்லா நோட்டிலும் 'அம்மா, நண்பன், சாப்பாடு' என்று ஒரே பட்டியல்தான் இருக்கும். 'சத்துணவு முட்டை பிய்யாம உரிஞ்சு வந்துச்சு' என்று ஒரு பிள்ளை எழுதுகிறது என்று வையுங்கள். ஏன்? 'சமைக்கிற அக்கா, வெந்ததும் பச்சைத் தண்ணியில போட்டு வெச்சிருந்தாங்க.' அந்த இரண்டாவது வரியில்தான் ஒரு மனிதர் கண்ணில் படுகிறார். மறுநாள் அந்தப் பிள்ளை அவரைப் பார்த்துச் சிரிக்கும், யாரும் சொல்லாமலே. கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது, நாக்கில் பட்டது என்று கேட்டால் இப்படிப்பட்ட வரிகள் வரும். 'வாழ்வில் நல்லவை எவை' என்று கேட்டால் கட்டுரைதான் வரும்.

நாற்பது பக்க நோட்டு போதும். கடைசிப் பாடவேளையின் தொடக்கத்தில் வையுங்கள். முடிவில் வைத்தால் வேன் பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டே கிறுக்குவார்கள். முதல் பத்துப் பள்ளி நாள் தினமும், பிறகு வெள்ளிக்கிழமை மட்டும். தினமும் இழுத்துக்கொண்டே போனால் அதுவும் வீட்டுப்பாடம் ஆகிவிடும். அந்த ஏழு நிமிடமும் ஆசிரியரும் உட்கார்ந்து தன் மூன்றை எழுத வேண்டும். வருகைப் பதிவேட்டை முடிக்கும் நேரமல்ல அது.

எங்கே கெடும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். சிவப்புப் பேனா பட்ட அன்றே முடிந்தது. ஒற்றுப்பிழை திருத்தப்பட்ட பிள்ளை மறுநாள் பிழை வராத வாக்கியத்தைத்தான் எழுதும், நடந்ததை எழுதாது. மேடையில் வாசிக்கச் சொன்னால் புது சைக்கிள் வாங்கியவன் ஜெயிப்பான். சிறந்த நோட்டுக்குப் பரிசு என்றால் பொய் பெருகும். வீட்டுக்கு அனுப்பினால் அண்ணன் படிப்பான், அதனால் வகுப்பு அலமாரியிலேயே இருக்கட்டும். ஆசிரியரும் படிக்கக் கூடாது. ஆனால் ஆசிரியர் படிக்க வேண்டும் என்று நினைக்கும் பிள்ளை பக்கத்தின் மூலையை மடித்துவைக்கலாம். மடித்த பக்கத்தை மட்டும், அன்றே, தனியாகப் படியுங்கள். அதில் அடி, மிரட்டல், தவறான தொடுதல் என்று ஏதாவது தெரிந்தால் உடனே குழந்தைகள் உதவி எண் 1098. பள்ளியில் உள்ள 'மாணவர் மனசு' புகார்ப் பெட்டி திறக்கப்படும் நாள்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

எழுத மறுக்கும் பிள்ளையை விட்டுவிடுங்கள். வெற்றுப் பக்கமும் ஒரு பதில்தான். வீட்டில் சாவு விழுந்த பிள்ளையிடம், அப்பா குடித்துவிட்டு வந்த இரவுக்கு மறுநாள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் 'நல்லதையே பார்' என்று சொல்வது கொடுமை. இரண்டு வாரமாக எதுவும் எழுதாமல், சரியாகச் சாப்பிடாமல், கூட்டாளிகளை விட்டு ஒதுங்கியும் இருந்தால், அது நோட்டால் தீரும் விஷயமல்ல. பெற்றோரிடம் பேசுங்கள், அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 கட்டணமில்லாதது, தமிழிலும் பேசுவார்கள்.

தேர்வு வாரத்தில் தொடங்க வேண்டாம். காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த இரண்டாவது திங்கட்கிழமை தோதாக இருக்கும். மாதம் முடிந்ததும் தொடரலாமா என்று பிள்ளைகளிடமே கேளுங்கள், துண்டுச் சீட்டில், பெயர் எழுதாமல். பாதிப் பேருக்கு மேல் வேண்டாம் என்றால் நிறுத்திவிடுங்கள். நோட்டுகளை அவரவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பள்ளிப் பிள்ளைகளோடு பணியாற்றும் மனநல ஆலோசகர்கள் சிலர்