கட்டைவிரல் ரேகையை மட்டும் விட்டுவை

அன்புள்ள தங்கைக்கு,

உன் கதை கிடைத்தது. "வர்ணனை சரியாக வந்திருக்கிறதா அண்ணா?" என்று கேட்டிருந்தாய். கதை எழுத உட்காரும் எல்லோருக்குமே இந்தக் கேள்வி வரும் என்பதால், உன்னிடம் கேட்டுக்கொண்டு பதிலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நாலாம் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். அப்பா இறந்த செய்தி கேட்டு வந்த மகள், அவருடைய மேசையருகே போய் நிற்கிறாள். "மேசைமேல் அவருடைய மூக்குக்கண்ணாடி இருந்தது. வலது வில்லையின் ஓரத்தில் கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது" என்று எழுதியிருக்கிறாய். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஆள் போய்விட்டார், அவர் கை பட்ட தடம் மட்டும் போகவில்லை. ஒரு துணியை எடுத்துத் துடைத்தால் அதுவும் போய்விடும். அவளால் துடைக்க முடியுமா? இதில் எதையும் நீ சொல்லவில்லை. நானாக நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வரியில் அதே கண்ணாடி "கூடு இழந்த பறவையைப்போல, அநாதையாக, சோகத்தின் சின்னமாக" கிடக்கிறது. ஏன் இப்படிச் செய்தாய்? மேசையை விட்டு அசையாமல் நின்றிருந்த என்னைப் பிடித்து மரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போகிறது அந்தப் பறவை. நான் உள்ளுக்குள் எதை உணர்ந்துகொண்டிருந்தேனோ, அதற்கு "சோகம்" என்று பெயர் எழுதி ஒட்டிவிட்டாய். அதற்குமேல் எனக்கு அங்கே வேலையில்லை. அந்த வரி முழுவதையும் அடித்துவிடு. கட்டைவிரல் ரேகையை மட்டும் விட்டுவை.

உவமை இல்லாவிட்டால் வரி மொட்டையாக நிற்குமே என்று பயப்படாதே. தண்டியலங்காரம் என்ற அணி இலக்கண நூல், பொருளால் அழகு தரும் பொருளணிகளைச் சொல்லும்போது உவமைக்கும் முன்னால், முதலாவதாக வைத்திருப்பது தன்மையணியை. ஒரு பொருளை அது இருக்கிறபடியே, கண்முன் நிற்கும்படி சொல்வதுதான் அது. நம் இலக்கணக்காரர்கள் அதையும் அணி என்றே கொண்டார்கள்.

சரி, அந்த ரேகை ஏன் இவ்வளவு வேலை செய்கிறது? அந்த அறையில் கட்டில் இருக்கிறது, அலமாரி இருக்கிறது, சுவரில் படங்கள் இருக்கின்றன. அத்தனையையும் விட்டுவிட்டு அவள் கண் ஒரு விரல் அடையாளத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. மனம் ஆடிப்போயிருக்கும்போது கண் இப்படித்தான் சின்னதாக எதையாவது பிடித்துக்கொள்ளும். குறுந்தொகை 25-ஆம் பாட்டில் கபிலர் செய்திருப்பது இதைத்தான். கூடியவன் ஒருவேளை பொய் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன் என்று ஒரு பெண் கலங்குகிறாள். அவர்கள் சேர்ந்திருந்தபோது அங்கே வேறு யாரும் இல்லை. இருந்தது ஒரு குருகு மட்டும். அதுவும் ஓடுகிற நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் குருகை "தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால" என்கிறாள், அதாவது தினையின் தண்டு போன்ற சிறிய பச்சைக் கால்களை உடையது.

யோசித்துப் பார். வாழ்க்கையே அந்தரத்தில் தொங்கும்போது, ஒரு பறவையின் கால் என்ன பருமன், என்ன நிறம் என்பதா முக்கியம்? ஆனால் அந்த மெல்லிய பச்சைக் காலை அவள் அவ்வளவு துல்லியமாக நினைவு வைத்திருப்பதனால்தான், அந்த நாளை அவள் எத்தனை முறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருப்பாள் என்று நமக்குப் புரிகிறது. இருந்த ஒரே சாட்சியும் இவர்களைப் பார்க்கவில்லை, மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது. பயம், தனிமை என்று ஒரு சொல்கூட அங்கே தேவைப்படவில்லை.

இப்போது உன் முதல் பத்திக்கு வா. செக்கச் சிவந்த வானம், கூடு திரும்பும் பறவைகள், மெல்ல வருடும் தென்றல். இவை எல்லாக் கதைகளிலும் வந்து போனவை. வாசகனின் கண் இவற்றின்மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். அதைவிடப் பெரிய சிக்கல், இவற்றையெல்லாம் பார்ப்பது யார் என்பதுதான். பேருந்தின் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் உன் கதாநாயகிக்கு ஒரு மணி நேரம் முன்புதான் போன் வந்திருக்கிறது. தென்றல் வருடுவதா அவளுக்குத் தெரியும்? வானம் வந்தே ஆகவேண்டும் என்றால் வரட்டும். ஆனால் அப்பா இறந்துபோன அன்றைக்கு அவள் பார்த்த வானமாக வரட்டும். இன்னும் இருட்டவில்லையே என்று அவளுக்கு எரிச்சல் வரலாம். முன் இருக்கையில் யாரோ சிரிப்பது பொறுக்காமல் போகலாம். எது வந்தாலும் அது அவள் பார்வையாக இருக்கவேண்டும்.

உவமையே கூடாது என்கிறேன் என்று நினைத்துவிடாதே. ஆறாம் பக்கத்தில் அருமையான ஒன்று வைத்திருக்கிறாய். "அம்மா, சிக்கிக்கொண்ட இழுப்பறைபோலப் பாதி பேசிவிட்டு நின்றாள்." இழுப்பறைக்கும் அம்மாவுக்கும் தோற்றத்தில் எந்த ஒற்றுமையும் இல்லை. பாதியில் நின்றுபோகிற அந்தச் செயல்தான் பொருந்துகிறது. உவமை பிறக்கும் இடங்கள் வினை (செயல்), பயன், மெய் (வடிவம்), உரு (நிறம்) என நான்கு என்கிறது தொல்காப்பியம். புதிதாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வடிவத்தையும் நிறத்தையுமே பிடித்துக்கொள்கிறார்கள்: நிலவு மாதிரி முகம், பவளம் மாதிரி உதடு. என்னைக் கேட்டால் வினையில் பிறக்கிற உவமைக்குத்தான் உயிர் அதிகம். அதில் பொருள் அசைகிறது.

குறுந்தொகையின் 54-ஆம் பாட்டைத் தேடிப் படி. தினைப்புனம் காப்பவர்கள் விடும் கவணின் ஒலி கேட்டு மிரண்டு, வளைத்துப் பிடித்திருந்த பச்சை மூங்கிலை யானை விட்டுவிடுகிறது. மீனைப் பிடித்த தூண்டில் விருட்டென்று மேலே எழுவதுபோல அந்த மூங்கில் எழுகிறது. நான் இங்கே இருக்கிறேன், என் நலமோ அந்தக் காட்டு நாட்டுக்காரனோடு அங்கேயே போய்விட்டது என்று சொல்லும் பெண்ணின் வாயிலிருந்து வருகிறது இது. வளைத்துப் பிடித்திருந்துவிட்டுக் கைவிட்டது யானை மட்டும்தானா என்று நமக்குக் கேட்கத் தோன்றுகிறது. அவள் வாய்விட்டு அதைச் சொல்வதில்லை. இந்தப் பாட்டைப் பாடியவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அந்த உவமையை வைத்தே அவரை மீனெறி தூண்டிலார் என்கிறோம். செம்புலப் பெயல்நீரார், கல்பொரு சிறுநுரையார் என்ற பெயர்களும் இப்படி வந்தவைதான். சொந்தப் பெயர் அழிந்தபிறகும் இத்தனை நூற்றாண்டுகளாக ஒருவரை நிறுத்தி வைத்திருக்கிறது ஒரே ஓர் உவமை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

அப்புறம், உன் கதை முழுக்கக் கண்ணாலேயே நடக்கிறது. அந்த வீட்டுக்கு வாசனை இல்லை, சத்தம் இல்லை. அதற்காக ஒவ்வொரு பத்தியிலும் ஐம்புலன்களையும் வரிசையில் நிறுத்தவேண்டாம். அவள் கதவைத் திறக்கிற இடத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு எழுதிப் பார்.

அண்ணனும் தங்கையும் சண்டை போடும் பகுதியில் திரைச்சீலையின் பூவேலைப்பாட்டுக்கு ஐந்து வரி கொடுத்திருக்கிறாய். சூடாகப் போய்க்கொண்டிருக்கும் பேச்சு அங்கே வந்து ஆறிவிடுகிறது. ஆனால் திரைச்சீலையைத் தூக்கிப் போட்டுவிடாதே. "நீ கடைசியா எப்ப வந்து அவரைப் பாத்த?" என்று அண்ணன் கேட்கிறானே, அந்தக் கேள்விக்குப் பிறகு கொண்டுபோய் வை. அவளிடம் பதில் இல்லை. அப்போது அவள் திரைச்சீலையைப் பார்ப்பாள். ஐந்து வரி வேண்டாம், ஒரு வரி போதும். ஒரு பூவில் நூல் பிரிந்திருக்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய், அது போதும்.

கடைசிப் பக்கத்தைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்லமாட்டேன். முதல் பத்தி மாறினால் அதுவும் தானாக மாறும் என்று நினைக்கிறேன். இழுப்பறை வரியில் மட்டும் கை வைக்காதே. முதல் பத்தியைப் பேருந்துக்குள்ளேயே வைத்து எழுதி, அதை மட்டும் முதலில் அனுப்பு. மீதியை அதன்பிறகு பேசலாம்.

அன்புடன்,
அண்ணன்