நியூ பிலடெல்பியா கண்காட்சிக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

இல்லினாய் மாநிலம் பைக் கவுண்டியில், பேரி என்ற சிற்றூருக்குக் கிழக்கே இன்று வெறும் புல்வெளியாகத் தெரியும் இடத்தில் நியூ பிலடெல்பியா என்ற ஓர் ஊர் இருந்தது. அதைப் பற்றிய எங்கள் சிறிய கண்காட்சி நல்லபடியாக நடந்து முடிந்தது. அதற்குக் காரணமானவர்கள் நீங்கள்.

முதல் நன்றி, பத்திரப் பதிவேடுகளை எடுத்துத் தந்த கவுண்டி அலுவலக அம்மாவுக்கு. சலிக்காமல் பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டினார். 1836இல் ஃப்ராங்க் மெக்வொர்ட்டர் 144 மனைகளாகப் பிரித்துப் பதிவு செய்த ஊர் அது. கறுப்பினத்தவர் ஒருவர் சட்டப்படி மனை பிரித்துப் பதிந்த ஊர்களில், அமெரிக்காவில் நமக்குத் தெரிந்து அதுவே முதலாவது.

ஃப்ராங்க் அடிமையாகப் பிறந்தவர். கென்டக்கியில் வெடியுப்பு தயாரித்துச் சேர்த்த பணத்தில், 1817இல் முதலில் மனைவி லூசியைத்தான் மீட்டார். அப்போது லூசி கர்ப்பிணி. தாய் அடிமையாக இருந்தால் பிள்ளையும் அடிமை என்பது அன்றைய சட்டம். தன்னை மீட்டுக்கொண்டது 1819இல்தான். அப்புறம் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். 1854இல் அவர் இறந்த பிறகும் அவர் விட்டுச்சென்ற சொத்தைக் கொண்டு மீட்பு தொடர்ந்தது. அவரையும் சேர்த்து மொத்தம் 16 பேர். கண்காட்சியில் மக்கள் அதிக நேரம் நின்றது இந்தப் பலகைக்கு முன்னால்தான்.

1869இல் ரயில் பாதை ஊரை ஒதுக்கிவிட்டுப் போனது. மெல்ல மெல்ல ஊர் காலியாகி, மனைகள் வயலாயின. ஆனாலும் அதை மறக்க விடாதவர்கள் இருந்தார்கள். மெக்வொர்ட்டர் வம்சத்தாருக்கும், பெரும்பாலும் வெள்ளையரான அக்கம்பக்கத்து விவசாயிகளுக்கும் எப்படி நன்றி சொல்வது! உழுத நிலத்தில் ஆய்வாளர்களோடு வரிசையாக நடந்து, பீங்கான் சில்லு கண்ட இடத்திலெல்லாம் சிறு கொடி நட்டவர்களும் உங்களில் உண்டு. கறுப்பர் வீட்டுச் சில்லுக்கும் வெள்ளையர் வீட்டுச் சில்லுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று எங்களுக்கு விளக்கியவர்களும் நீங்கள்தான். இரு தரப்பாரும் அடுத்தடுத்த மனைகளில் குடியிருந்த ஊர் அது. அந்த உழைப்பெல்லாம் சேர்ந்துதான் 2022இல் அந்த இடம் தேசிய வரலாற்றுத் தளமாயிற்று.

பலகைகளைத் தூக்கி வந்த மாணவர்களுக்கும், காபி போட்டுத் தந்தவர்களுக்கும் நன்றி.

பலகைகள் இனி நூலகத்திலேயே இருக்கும். வீட்டுப் பரணில் பழைய கடிதமோ, பத்திரமோ, படமோ இருந்தால் கொண்டு வாருங்கள். நகலெடுத்துக்கொண்டு உடனே திருப்பித் தருகிறோம்.

நன்றியுடன்,
கண்காட்சிக் குழுவினர் சார்பில்