ஊட்டி காட்டும் வழிகாட்டிகளுக்கும் டாக்ஸி ஓட்டுநர்களுக்கும் ஒரு திறந்த மடல்

உதகை, குன்னூர், கோத்தகிரி ஸ்டாண்டுகளில் வண்டி ஓட்டும் நண்பர்களுக்கும், பார்ட்டியைக் கூட்டிப்போய் இடம் காட்டும் வழிகாட்டிகளுக்கும் வணக்கம்.

சீசனில் இந்த மலைக்கு வருகிறவர்களுக்குச் சரித்திர வாத்தியார் நீங்கள்தான். பள்ளிக்கூடத்தில் படித்ததை மறந்தவர்கள்கூட, பொட்டானிக்கல் கார்டன் வாசலில் நீங்கள் சொன்னதை ஊருக்குப் போய்ச் சொல்கிறார்கள். அதனால்தான் இந்த மடலைக் கலெக்டர் ஆபீசுக்கு அனுப்பாமல் உங்களுக்கு எழுதுகிறோம். பழைய சட்டங்களையும் மாவட்டக் கெஜட்டியர்களையும் படிப்பதே வேலையாக உள்ள சிலர் சேர்ந்து எழுதுவது இது.

நீங்கள் இப்போது சொல்லும் கதை பெரும்பாலும் ஒன்றுதான்: வெள்ளைக்காரன் வந்தான், குளிர் பிடித்துப்போனது, பங்களா கட்டினான், ரயில் விட்டான். பொய் இல்லை, ஆனால் பாதிதான். கோடைக்கு மதராஸ் சர்க்கார் கோப்புகளும் குமாஸ்தாக்களுமாக மூட்டை கட்டிக்கொண்டு இங்கே ஏறி வந்து ஆண்டது. அந்த சர்க்காரை எதிர்த்தவர்களும் இங்கேயே காவலில் இருந்தார்கள். ஓட்டு என்பது நம் ஜனங்களுக்கு எப்படித் துண்டு துண்டாக வந்தது என்பதையும் இந்த மலையில் நின்றே விளக்கலாம். அந்த மீதிப் பாதியையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

முதலில் ஒன்றை விட்டுவிட வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனி சர்க்காரின் சட்ட உறுப்பினர் மெக்காலே பேசியதாக வாட்ஸ்அப்பில் சுற்றும் அந்தப் பத்தி: இந்தியா முழுக்கச் சுற்றினேன், ஒரு பிச்சைக்காரனையோ திருடனையோ பார்க்கவில்லை, இவர்கள் முதுகெலும்பை உடைக்க வேண்டும் என்று 1835 பிப்ரவரி 2-ஆம் தேதி லண்டன் பார்லிமென்டில் பேசினாராம். அந்தத் தேதியில் அவர் லண்டனிலேயே இல்லை, கல்கத்தாவில் இருந்தார். அன்று அவர் எழுதியது ஆங்கிலக் கல்வி பற்றிய குறிப்பு. அதிலும் இந்தப் பத்தி கிடையாது. விவரம் தெரிந்த ஒருவர் வண்டியில் இருந்தால், இந்த ஒரு பொய்யால் நீங்கள் சொல்லும் மற்ற நிஜங்களும் அடிபட்டுப்போகும்.

மெக்காலேயைப் பற்றிச் சொல்ல ஊட்டியில் உண்மையான சரக்கே இருக்கிறது. கவர்னர் ஜெனரல் பென்டிங்க் உடம்பு தேற 1834-இல் இங்கே தங்கியிருந்தார். இன்றைக்கு ஊட்டி கிளப்பாக இருக்கும் கட்டடம்தான் அவர் இருந்த வீடு. சட்ட உறுப்பினராகப் புதிதாக மதராஸில் வந்து இறங்கிய மெக்காலே, அவரைப் பார்க்க ஜூன் மாதம் மலையேறினார். நானூறு மைல் தூரத்தையும் மனிதர் தோளிலேயே கடந்ததாக அவரே எழுதியிருக்கிறார். பல்லக்கு தூக்கியவர்களின் பெயர் எங்கும் இல்லை. கிளப் உள்ளே உறுப்பினர் அல்லாதவரை விட மாட்டார்கள். கேட்டுக்கு எதிரே ஓரமாக நிறுத்திச் சொன்னால் போதும்.

மெக்காலே வந்தது எந்தச் சட்டத்தின்படி என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1833 சாசனச் சட்டம். அதன் 87-ஆம் பிரிவு, மதம், பிறந்த இடம், வம்சம், நிறம் எதையும் காரணம் காட்டி ஓர் இந்தியருக்கும் கம்பெனி வேலை மறுக்கப்படக் கூடாது என்றது. படித்தால் புல்லரிக்கும். நடந்தது வேறு. சிவில் சர்வீஸ் தேர்வை 1855 முதல் லண்டனில் வைத்தார்கள். கப்பல் செலவுக்கு வழி உள்ளவன்தான் எழுத முடியும். முதல் இந்தியர் தேறியது 1863-இல், அதாவது சட்டம் வந்து முப்பது வருடம் கழித்து. பிறகு வயது வரம்பைப் பத்தொன்பதாகக் குறைத்தார்கள். வாக்குறுதியைச் சட்டத்தில் எழுதிவிட்டு விதிமுறையில் பிடுங்கிக்கொள்வது சாம்ராஜ்யத்தின் வழக்கமான வேலை. பின்னால் ஓட்டு விஷயத்திலும் இதைத்தான் செய்தார்கள்.

கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவனிடம் வருவோம். அவர் ஊட்டியைக் 'கண்டுபிடித்தார்' என்று சொல்லாதீர்கள். தோடர்களும் படகர்களும் கோத்தர்களும் குரும்பர்களும் இருளர்களும் வாழ்ந்த மலை இது. 1819-இல் அவர் ஏறி வருவதற்கு முந்தைய வருடமே இரண்டு கம்பெனி உதவியாளர்கள் வந்து போயிருந்தார்கள். கண்ணேரிமுக்கு பங்களாவிலும், ஊட்டி அரசுக் கலைக்கல்லூரி வளாகத்துக் கல் பங்களாவிலும் சொல்ல வேண்டியது இன்னொன்று. இதே சல்லிவன்தான் பிற்பாடு கம்பெனி ஆட்சியைப் பற்றி, கங்கைக் கரையில் நல்லதையெல்லாம் உறிஞ்சி தேம்ஸ் கரையில் பிழிந்துவிடும் பஞ்சு என்றவர். ஆட்சிக்குள்ளேயே இருந்து வந்த அந்த வாக்குமூலத்துக்கு, உருளைக்கிழங்கும் ஏரியும் கொண்டுவந்தார் என்பதைவிட எடை அதிகம் என்பது எங்கள் எண்ணம்.

இனி 1917. இதற்குத்தான் நீங்கள் அதிக நேரம் ஒதுக்க வேண்டும்.

அடையாறு தியோசாபிகல் சொசைட்டித் தலைவர் அன்னி பெசன்ட் 1916 செப்டம்பரில் மதராஸில், இந்தியாவுக்குச் சுயாட்சி கேட்டு ஹோம் ரூல் லீக்கைத் தொடங்கினார். அதற்கு முன்பே அவருடைய 'நியூ இந்தியா' பத்திரிகை மேல் சர்க்கார் கை வைத்துவிட்டது. கை வைத்த முறையை விளக்கினால் கேட்கிறவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். 1910 பத்திரிகைச் சட்டப்படி முதலில் 2,000 ரூபாய் வரை ஜாமீன் கேட்கலாம். எழுதியது பிடிக்காவிட்டால் அந்த ஜாமீன் பணத்தைப் பறிமுதல் செய்து, அடுத்ததாக 10,000 வரை கேட்கலாம். அதுவும் போனால் அச்சு இயந்திரத்தையே எடுத்துக்கொள்ளலாம். பெசன்டிடம் 1916 மே மாதம் 2,000 வாங்கினார்கள், ஆகஸ்டில் பறித்தார்கள், பிறகு 10,000 கேட்டார்கள். அவர் கட்டிவிட்டு மேலும் எழுதினார்.

1917 ஜூனில் கவர்னர் பென்ட்லண்டின் சர்க்கார், போர்க்காலப் பாதுகாப்பு விதிகளைக் காட்டி அவரையும், அவருடைய சகாக்கள் ஜி.எஸ். அருண்டேலையும், பி.பி. வாடியாவையும் காவலில் வைத்தது. விசாரணை இல்லை. கூட்டம், பேச்சு, எழுத்து எல்லாவற்றுக்கும் தடை, கடிதங்களுக்குத் தணிக்கை. எங்கே இருக்க வேண்டும் என்பதை மட்டும் ஒரு பட்டியலிலிருந்து அவர்களே தேர்ந்தெடுக்கலாம். அதில் நீலகிரியும் இருந்தது, பழனி மலையும் இருந்தது. (கொடைக்கானல் ஓட்டுநர்கள் கொஞ்சத்தில் தவறவிட்ட கதை.) மூவரும் ஊட்டிக்கு வந்து, தியோசாபிகல் சொசைட்டியைத் தொடங்கியவர்களில் ஒருவரான கர்னல் ஆல்காட் கட்டிய 'குலிஸ்தான்' குடிலில் தங்கினார்கள். தோட்டத்தில் சிவப்பு, பச்சை நிற ஹோம் ரூல் கொடி ஏறியது. பேசக் கூடாது, எழுதக் கூடாது என்ற உத்தரவில் கொடியைப் பற்றி யாரும் யோசித்திருக்கவில்லை போலும். கவர்னரின் கோடை மாளிகை உள்ள அதே ஊரில் அவருடைய கைதியின் கொடி பறந்தது.

வீட்டைத் தேடி யாரையும் கூட்டிப்போக வேண்டாம். சேரிங்கிராஸில் வண்டி எப்படியும் சிக்கும், அங்கேயே சொல்லி முடித்துவிடலாம்.

பிறகு நடந்தது வேகமாக நடந்தது. ஜின்னா ஹோம் ரூல் லீக்கில் சேர்ந்தார். மதராஸ் ஹைகோர்ட்டின் முன்னாள் நீதிபதி எஸ். சுப்பிரமணிய ஐயர் அமெரிக்க ஜனாதிபதி வில்சனுக்கு நேரடியாகக் கடிதம் எழுதினார். அதற்காகக் கண்டித்தபோது 'சர்' பட்டத்தைத் தூக்கிப்போட்டார். ஆகஸ்ட் 20-ஆம் தேதி பிரிட்டிஷ் சர்க்காரில் இந்திய விவகார மந்திரியான மான்டேகு லண்டனில், இந்தியாவுக்குப் படிப்படியாகப் பொறுப்பாட்சி என்று அறிவித்தார். செப்டம்பரில் மூவரும் விடுதலை, டிசம்பரில் பெசன்ட் காங்கிரஸ் தலைவர். ஊட்டிக் காவலால்தான் அந்த அறிவிப்பு வந்தது என்று மட்டும் அடித்துச் சொல்லிவிடாதீர்கள். போருக்கு இந்தியாவின் ஆளும் பணமும் தேவைப்பட்டன. 1916 லக்னோவில் காங்கிரசும் முஸ்லிம் லீகும் கைகோத்திருந்தன. பல காரணங்களில் இதுவும் ஒன்று.

வாடியாவை இங்கேயே விட்டுவிட வேண்டாம். அடுத்த வருடம், 1918 ஏப்ரலில், பின்னி மில் தொழிலாளர்களுக்காக மதராஸ் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் அவர் ஒருவர்.

வண்டியில் யாராவது, 'பெசன்ட் கட்சி பிராமணர் கட்சிதானே?' என்று கேட்பார்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். 1916 நவம்பரில் பிராமணரல்லாதாரின் நீதிக்கட்சி பிறந்ததற்கு அந்த அச்சமே காரணம். வெள்ளைக்காரன் போனால் யார் கையில் அதிகாரம் போகும் என்ற கேள்வி நியாயமான கேள்வி. அதற்குக் கிடைத்த பதில்தான் 1920 தேர்தலில் பிராமணரல்லாதாருக்கு ஒதுக்கிய 28 இடங்கள். ஒரு பக்கத்தை மட்டும் சொல்கிற வழிகாட்டி பாதிக் கூட்டத்தை இழப்பார்.

மான்டேகு அறிவிப்பைத் தொடர்ந்து வந்த அந்த 1920 தேர்தலுக்கு வருவோம். மதராஸ் சட்டசபையில் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள் 98 பேர். மாகாண ஜனத்தொகை நாலு கோடிக்கு மேல், ஓட்டு இருந்தது சுமார் பன்னிரண்டு லட்சம் பேருக்கு. நூற்றுக்கு மூன்று. நிலவரியோ நகராட்சி வரியோ வருமான வரியோ இவ்வளவு என்று கட்டியிருக்க வேண்டும், அல்லது ராணுவப் பென்ஷன்காரராக இருக்க வேண்டும். ராணுவ முகாம் உள்ள வெலிங்டன் பக்கம் போகும்போது இந்தக் கடைசி விதியைச் சொல்லுங்கள். தோட்ட முதலாளிகளுக்கு என்று தனித் தொகுதியே இருந்தது. தேயிலை பறித்தவர்களுக்கு ஓட்டே இல்லை. பெண்களுக்கான தடையை 1921-இல் இதே சட்டசபை நீக்கியது, பிரிட்டிஷ் மாகாணங்களில் அதுதான் முதல். ஆனால் சொத்து விதி அப்படியே நின்றதால், பட்டா தன் பெயரில் இருந்த பெண்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று பார்ட்டியையே கணக்குப் போடச் சொல்லுங்கள்.

மந்திரிகள் வந்தார்கள், அதிகாரம் வரவில்லை. இரட்டை ஆட்சி என்று பெயர். கல்வி, சுகாதாரம், விவசாயம், உள்ளாட்சி எல்லாம் மந்திரிக்கு. பணம், போலீஸ், நிலவரி எல்லாம் கவர்னருக்கு. பள்ளிக்கூடம் மந்திரியுடையது, அதற்கான பணப்பெட்டிச் சாவி மட்டும் அவரிடம் இல்லை. நம் மலைக்கு இதில் வலித்த இடம் காடு. பம்பாயிலும் பர்மாவிலும் காட்டை மந்திரியிடம் கொடுத்தார்கள், மதராஸில் கொடுக்கவில்லை. மாடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் கெடுபிடி என்று முறையிட்டால், ஓட்டு வாங்கியவரால் ஒன்றும் செய்ய முடியாது. இதை அவலாஞ்சி ரோட்டிலோ பைக்காரா ரோட்டிலோ, காடு கண்ணில் படும்போது சொல்லுங்கள். ஊருக்குள் சொன்னால் எடுபடாது.

தேயிலைத் தோட்டத்தில் போட்டோ எடுக்க நிறுத்துகிறீர்கள் அல்லவா, அங்கே 1859-ஆம் வருடத்து 13-ஆம் சட்டத்தைச் சொல்லுங்கள். முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலைக்கு வராவிட்டால் மாஜிஸ்திரேட் உத்தரவு போடுவார், அதையும் மீறினால் மூன்று மாதம் வரை கடுங்காவல். கடன் பாக்கிக்கு ஜெயில், அதுவும் ஒரு பக்கத்துக்கு மட்டும். இதை நீக்கச் சட்டம் வந்தது 1925-இல்.

1937 தேர்தலைக் குழந்தைகள் ரசிப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக வண்ணப் பெட்டிகள் வைத்தார்கள். சீட்டை விரும்பிய நிறப் பெட்டியில் போட்டால் போதும். காங்கிரசுக்கு மஞ்சள் பெட்டி. 215 இடங்களில் 159 அந்தப் பெட்டிக்குப் போனது, ராஜாஜி பிரதமர் ஆனார். (அப்போது மாகாண முதல்வருக்கு அதுதான் பெயர். நேருவுக்கு முன்னால் பிரதமரா என்று ஒருவர் கட்டாயம் கேட்பார்.) 1952-இலும் வேட்பாளருக்கு ஒரு பெட்டி, மேலே சின்னம். அந்த முறையில் ஒரு குறை இருந்தது: சீட்டில் எந்த அடையாளமும் இட வேண்டியதில்லை என்பதால், பெட்டியில் போடாமல் மடித்து வெளியே கொண்டுவந்து விற்கலாம். முத்திரை குத்தும் முறைக்குப் பிற்பாடு மாறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

சொல்லும் விதத்தில் இரண்டு விஷயம். ஒரு நிறுத்தத்துக்கு ஒரு செய்தி, மூன்று நிமிஷம், ஒரே ஒரு வருடக் கணக்கு. இரண்டு வருடக் கணக்குக்கு மேல் போனால் செல்போனை எடுத்துவிடுவார்கள். அடுத்து, கூடலூர் ரோட்டில் நடுவட்டம் வரை போகிறவர்கள் அங்கே மலேரியாவுக்கான கொய்னா மருந்து தரும் சின்கோனாத் தோட்டத்தையும் பழைய சிறையையும் சேர்த்துச் சொல்லுங்கள். செடி தென் அமெரிக்காவிலிருந்து வந்தது, அதில் வேலை செய்யச் சீனக் கைதிகளை மலாயா பக்கத்துக் காலனிகளிலிருந்து கொண்டுவந்தார்கள், மருந்து சிப்பாய்க்கும் துரைக்கும் போனது. 'திப்பு சுல்தான் கட்டிய ஜெயில்' என்று மட்டும் தயவுசெய்து வேண்டாம்.

இப்படிக்கு,
மலையின் பழைய காகிதங்களைப் படிக்கும் சிலர்,
உதகமண்டலம்.