நாடா வைக்குமுன்

குடியாத்தம்

அன்புள்ள மகளுக்கு,

நேற்று போனில் பாதியை விழுங்கிவிட்டாய். தும்மினால் சிறுநீர் கசிகிறது, டாக்டர் சிறுநீர்க்குழாய்க்கு அடியில் தாங்கலாக ஒரு நாடா வைத்துவிடலாம் என்கிறார், தேதியும் கொடுத்துவிட்டார் என்பது மட்டும் காதில் விழுந்தது. யாரோ அறைக்குள் வந்துவிட்டார்கள் போல. அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கும் இது உண்டு, கண்ணு. உன் தம்பி பிறந்ததிலிருந்தே. அத்தனை ஆண்டு செவிலியராக வேலை பார்த்தும் ஒரு மருத்துவரிடமும் வாய் திறக்கவில்லை. ஏனம்மா எப்போதும் கருநீலமும் அரக்குமே கட்டுகிறாய் என்பாயே, ஈரம் தெரியக்கூடாது என்றுதான். உன் அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து மடித்து வைத்துக்கொள்வேன். துவைத்து, உள்பாவாடைக்கு அடியில் மறைத்துக் காயப்போடுவேன். வள்ளிமலைக்குப் போய்ப் படியேறாமல், அடிவாரத்திலேயே கற்பூரம் ஏற்றிவிட்டுத் திரும்பினேனே, அதுவும் இதனால்தான். நீ மறைக்காமல் டாக்டரிடம் போனது எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா.

ஆனால் தேதியைத் தள்ளிவை. இந்த நாடாவுக்கு அமெரிக்காவில் தடை என்று உன் நாத்தனார் சொன்னது முழுதும் சரியில்லை. அங்கே 2019-ல் விற்பனையை நிறுத்தச் சொன்னது, கருப்பையோ சிறுநீர்ப்பையோ கீழே சரியும் அடியிறக்கத்துக்குப் பிறப்புறுப்பு வழியாக வைக்கும் வலையை. கசிவுக்கான நாடா அதில் சேராது. இங்கிலாந்தில்தான் 2018 ஜூலையில் நாடாவையும் நிறுத்திவைத்தார்கள். மறுபக்கம், ஸ்வீடன், பின்லாந்து போன்ற நார்டிக் நாடுகளில் தொடக்க காலத்தில் நாடா வைத்துக்கொண்ட 90 பெண்களில், 17 ஆண்டு கழித்துப் பரிசோதித்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்குக் கசிவு இல்லை. நல்ல செய்திதான். ஆனால் உனக்கு வயது 33. அந்த நாடா 17 ஆண்டில்லை, நாற்பது ஐம்பது ஆண்டு உன் உடம்பில் இருக்கப்போகிறது.

அந்த நாடாவும் பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் பின்னிய வலைதான். சதை அதன் கண்களுக்குள் வளர்ந்து பிடித்துக்கொள்வதால்தான் நிற்கிறது. சிலருக்கு அது சதையை அரித்து வெளியே தெரியும். சிலருக்குத் தொடையிடுக்கிலும் தாம்பத்தியத்திலும் தீராத வலி. அப்போது எடுப்பது பெரும்பாடு. நம் பின்கட்டுக் கம்பிவலையில் கோவைக்கொடி ஏறியிருந்ததே, வலையை மட்டும் உருவப்போய் உன் அப்பா கொடியைத்தானே பிய்த்தெடுத்தார்?

முதலில் இடுப்புத்தளத் தசைப் பயிற்சி. சிறுநீரை அடக்குவதுபோல் உள்ளே இழுத்து விட வேண்டும். வேளைக்கு எட்டு முறையாவது, நாளைக்கு மூன்று வேளை, மூன்று மாதம். சரியாகச் செய்கிறாயா என்று பிசியோதெரபி நிபுணர் ஒருவர் பார்க்க வேண்டும். இன்னொரு குழந்தை வேண்டும் என்கிறாய், அப்படியானால் கசிவுக்கான அறுவை சிகிச்சை எதுவும் அந்தப் பிரசவம் முடிந்த பிறகுதான். அப்போதும் தேவைப்பட்டால், வயிற்றுச்சுவரிலிருந்து உன் சொந்தத் திசுவையே எடுத்துத் தாங்கு வைக்க முடியுமா என்று கேள். தழும்பு பெரிது, தேற நாளாகும், ஆனால் பிளாஸ்டிக் இல்லை. நாடாதான் என்றால், சிக்கல் வந்தால் எடுக்கத் தெரிந்தவர் யார் என்று டாக்டரையே கேள்.

டாக்டரைப் பார்க்கும் நாளைச் சொல். காட்பாடியில் ரயிலேறி வந்துவிடுகிறேன், உன் பக்கத்தில் உட்கார்ந்து நானே கேட்கிறேன். என்னுடையதையும் அங்கேயே சொல்லப்போகிறேன். அதுவரை எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதே.

அம்மா